தண்ணீரில் நிற்கும் செடி எப்படி மூச்சு விடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான். டெல்டாவில் சம்பா வயல் வைத்திருப்பவர்கள், ஏரிக்கரையில் மரம் நடும் இளைஞர்கள், மாடித்தோட்டக்காரர்கள், தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் என்று ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. மேலேயிருந்து வரிசையாகப் படித்தால் குழப்பம் இருக்காது.

செடிக்குத் தண்ணி வேணும்னுதான் ஊத்துறோம். அதே தண்ணி அதிகமானா ஏன் செத்துப்போகுது?

காற்று கிடைக்காமல்தான் சாகிறது. இலை பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியே விடுவது எல்லோருக்கும் தெரியும். வேருக்கு அந்த வசதி கிடையாது. மண்ணுக்குள் இருட்டில் கிடக்கும் வேர், நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துச் சர்க்கரையை எரித்துத்தான் பிழைக்கிறது. மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் இருக்கும் காற்றுதான் அதற்கு ஆதாரம். தண்ணீர் தேங்கினால் அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் புகுந்துவிடும்.

தண்ணீரிலும் ஆக்சிஜன் கரைந்திருக்கும்தான். ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏழெட்டு மில்லிகிராமுக்கு மேல் கரையாது. அதைவிடப் பெரிய சிக்கல் வேகம். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேரைச் சுற்றி இருந்ததை வேரும் மண்ணின் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஓரிரு நாளில் தீர்த்துவிட்டால், மேலேயிருந்து புதிதாக வந்து சேர்வது எதற்கும் காணாது.

அப்புறம் வேர், ஆக்சிஜன் தேவைப்படாத நொதித்தல் வழிக்கு மாறுகிறது. செல்லுக்குள் சக்தியைச் சுமக்கும் மூலக்கூறுக்கு ஏ.டி.பி. என்று பெயர். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து முப்பது ஏ.டி.பி. அளவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது 2 தான். அதே வேலையைச் செய்யப் பல மடங்கு சர்க்கரை செலவாகிறது. கையிருப்பு மளமளவென்று கரையும். பெரும்பாலான செடிகள் வெள்ளத்தில் சாவது இந்தப் பட்டினியால்தான்.

தொட்டியில தண்ணி தேங்கித்தான் நிக்குது. ஆனா மிளகாய்ச் செடி வெயில்ல காய்ஞ்ச மாதிரி வாடுதே?

வேர் செல்களின் சவ்வில் தண்ணீரை உள்ளே விடும் நுண்ணிய வாயில்கள் உண்டு. அக்வாபோரின் என்பார்கள். ஆக்சிஜன் குறைந்தால் செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது, அந்த வாயில்கள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் வேரால் இழுக்க முடியாது. இலையோ வெயிலில் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். அதனால் வாட்டம். இதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு வாளி ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். செடியைக் கொல்ல அதைவிட நல்ல வழி இல்லை.

தக்காளியில் வேறொன்றும் நடக்கும். இலைக்காம்பு கீழ்நோக்கி வளைந்து தொங்கும், ஆனால் தொட்டால் விறைப்பாக இருக்கும். அது வாட்டம் அல்ல. மூச்சுத் திணறும் வேரில் எத்திலீனுக்கான மூலப்பொருள் சேர்ந்து, தண்டு வழியாக மேலே ஏறி, அங்கே எத்திலீனாக மாறுகிறது. காம்பின் மேல்பக்கச் செல்கள் கீழ்ப்பக்கத்தைவிட அதிகம் நீள்வதால் காம்பு வளைகிறது. எத்திலீன் என்றால் வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். இந்தப் பக்கம் முழுக்க அது திரும்பத் திரும்ப வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ நெல்லு, கோரை, சம்பு எல்லாம் எப்படி வருஷக்கணக்கா தண்ணியிலேயே நிக்குது?

கோரைத் தண்டு ஒன்றைப் பிடுங்கி, பிளேடால் குறுக்கே நறுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே பஞ்சு மாதிரி அறை அறையாக இருக்கும். சம்பு இலையை அடியில் வெட்டினால் அறைகள் இன்னும் பெரிதாக, கண்ணுக்கு நன்றாகவே தெரியும். இது காற்றறைத் திசு. இலை வாங்கும் காற்று இந்த அறைகள் வழியே வேர் நுனிவரை இறங்குகிறது. தண்ணீருக்குள் உறிஞ்சுகுழலை விட்டுக்கொண்டு மூச்சு விடுவதைப் போலத்தான்.

நெல் வேரில் இந்த அறைகள் உருவாகும் விதம் கொஞ்சம் கொடூரமானது. வேரின் புறணிப் பகுதியில் உள்ள சில செல்கள் தாங்களாகவே செத்து, இடத்தைக் காலி செய்து கொடுக்கின்றன. நெல்லில் வெள்ளம் வருவதற்கு முன்பே ஓரளவு இது இருக்கும், வந்தபின் அதிகமாகும். மக்காச்சோளத்தில் வெள்ளம் வந்த பிறகுதான் அவசரமாக ஆரம்பிக்கும். உத்தரவு போடுவது எத்திலீன்.

குழல் மட்டும் இருந்தால் போதாது, ஓட்டை இல்லாமலும் இருக்க வேண்டும். வழியிலேயே ஆக்சிஜன் மண்ணுக்குள் கசிந்துவிட்டால் நுனிக்கு என்ன போகும்? அதனால் நெல், வேரின் மேல்பாதியில் வெளிச்சுவரைச் சூபரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருளால் அடைத்துவிடுகிறது. நுனிப்பக்கம் மட்டும் திறந்திருக்கும். கோதுமை வேருக்கு இந்தத் திறமை இல்லை. வயலில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் நெல் சும்மா இருப்பதற்கும் கோதுமை மஞ்சளடிப்பதற்கும் இது ஒரு முக்கியமான காரணம்.

நாத்தைப் பிடுங்கிப் பார்த்தா வேரெல்லாம் துரு பிடிச்ச மாதிரி செம்பழுப்பா இருக்கே, அது நோயா?

இல்லை, அது உண்மையிலேயே துருதான். காற்றில்லாத மண்ணில் இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறிவிடும். வேர் நுனியிலிருந்து கசியும் கொஞ்சம் ஆக்சிஜன் அதைத் தொட்டவுடன், இரும்பு ஆக்சைடாக வேரின்மேல் படிகிறது. வேர் மூச்சு விடுகிறது என்பதற்கு அது அத்தாட்சி. அளவுக்கு மீறிய இரும்பு செடிக்குள் போகாமல் ஓரளவு தடுக்கவும் செய்கிறது.

கவலைப்பட வேண்டியது வேர் கறுத்து, மண்ணில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால். மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்தபின் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீஸ், இரும்பு ஆகியவற்றையும், அதற்கப்புறம் சல்பேட்டையும் பிடித்துக்கொள்கின்றன. சல்பேட் வரைக்கும் போனால் சல்பைடு உருவாகும். அது வேருக்கு விஷம். அந்த நிலையில் உரம் போட்டு ஒன்றும் ஆகாது. தண்ணீரை வடித்து, வயலைக் கொஞ்சம் காயவிட்டு, மண்ணுக்குக் காற்று காட்ட வேண்டும்.

தண்டுல, தண்ணிக்கு மேல, புதுசா வேர் விடுதே. வெட்டி விடலாமா?

தயவுசெய்து வெட்டாதீர்கள். பழைய வேர்கள் அடியில் மூச்சுத் திணறும்போது, தண்ணீர் மட்டத்தை ஒட்டி, காற்று கிடைக்கும் இடத்தில் செடி புது வேர் போடுகிறது. பெரும்பாலும் இந்தப் புது வேர்களில் காற்றறைகள் அதிகம். மக்காச்சோளம், தக்காளி இரண்டிலும் பார்க்கலாம். நெல்லில் கணுக்களிலிருந்து வரும்.

பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் தக்கைப்பூண்டு இன்னும் ஒரு படி மேலே போகும். தண்ணீர் நின்ற வயலில் அதன் தண்டின் அடிப்பகுதி வெள்ளையாக, பஞ்சு சுற்றியது போல உப்பியிருக்கும். விரலால் அழுத்தினால் அமுங்கும். பட்டையைப் பிளந்துகொண்டு வெளியே வளரும் காற்றுத் திசு அது. மாவிலும் நீர் மட்டத்துக்குச் சற்று மேலே பட்டைத்துளைகள் வீங்கி வெடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பூஞ்சை என்று நினைத்து மருந்தடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதுவும் காற்றுக்கான வழிதான்.

குளத்துல தண்ணி ஏற ஏற அல்லித் தண்டும் ஏறுதே. தண்ணி எவ்வளவு ஏறிருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

பழைய பாட்டுகளில் உவமையாகவே வந்துவிட்ட சங்கதி இது. மூலகாரணம் மறுபடியும் எத்திலீன்தான். எல்லாச் செடியும் எந்நேரமும் கொஞ்சம் எத்திலீனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். காற்றில் இருந்தால் அது பறந்துவிடும். தண்ணீருக்குள் மூழ்கினால் வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கும், முதல் பதிலில் சொன்ன அதே மெதுவான பரவல் காரணமாக. எத்திலீன் தேங்கிவிட்டால் செடிக்கு அர்த்தம் ஒன்றுதான்: ‘மூழ்கிவிட்டோம்.’ உடனே காம்பின் செல்கள் நீள ஆரம்பிக்கும். இலை மேலே வந்து காற்றைத் தொட்டதும் எத்திலீன் வடிந்து, நீளுவதும் நிற்கும். அளவுகோல் எதுவும் வேண்டாம்.

தாமரையில் இன்னொன்றும் உண்டு, இதை நேரில் பார்ப்பது சுலபம். இலையின் நடுவில், காம்பு சேரும் இடத்துக்கு நேர் மேலே, வெளிறிய ஒரு சிறு வட்டம் இருக்கும். நல்ல வெயில் நேரத்தில் அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குமிழ் குமிழாகக் காற்று வரும். வெயிலில் இலைப்பரப்புக்குள் காற்றழுத்தம் கூடி, அந்தக் காற்று காம்பு வழியாகச் சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்கு இறங்கி, வேறு குழாய் வழியே மேலே திரும்பி, இந்த வட்டத்தில் வெளியேறுகிறது. கோரைபோலப் பரவலை நம்பிக் காத்திருக்காமல், காற்றைத் தள்ளியே அனுப்புகிறது.

அல்லி மாதிரி நெல்லும் நீண்டு தப்பிச்சுக்கலாமே? எங்க சம்பா ஏன் ஒரு வாரம் முழுகினா போயிடுது?

பலரும் கேட்கும் கேள்வி இது, நிதானமாகவே சொல்கிறேன். மூழ்கிய செடிக்கு இரண்டே வழிதான். ஒன்று, இருக்கும் சர்க்கரையையெல்லாம் செலவழித்து வேகமாக நீண்டு மேலே வருவது. இன்னொன்று, வளர்ச்சியை நிறுத்திவிட்டு, செலவைக் குறைத்து, தண்ணீர் வடியும்வரை காத்துக்கிடப்பது. எது நல்லது என்பது செடியைப் பொறுத்தது அல்ல, வெள்ளத்தைப் பொறுத்தது. மாதக்கணக்கில் நிற்கும் ஆழமான வெள்ளமென்றால் காத்திருந்து பயனில்லை, நீள வேண்டும். பத்து நாளில் வடியும் வெள்ளமென்றால் நீண்டது வீண் செலவு. வடிந்தபின் அந்த நெடுநெடு தண்டு நிற்க முடியாமல் சாய்ந்துவிடும். நம் சாதாரண நெல் ரகங்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். வெள்ளமோ குறுகியது, செடியோ நீளப் பார்க்கிறது. சர்க்கரை தீர்ந்து சாகிறது.

வங்கதேசத்திலும் தாய்லாந்தின் சாவ் பிரயா சமவெளியிலும் விளையும் ஆழ்நீர் நெல் முதல் வழிக்காரன். தண்ணீர் ஏறும்போது ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல்கூட நீண்டு, பல மீட்டர் உயரத்துக்குப் போகும். நம் பக்கத்து மடுமுழுங்கியும் பள்ளக்காலுக்கென்றே வைத்திருந்த ரகம், பெயரிலேயே தெரிகிறது. ஆழ்நீர் நெல்லில் இந்த நீட்டத்தை முடுக்கும் இரண்டு மரபணுக்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் கண்டுபிடித்து ஸ்நார்க்கெல் என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டாவது வழிக்காரன் ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய ரகம். இரண்டு வாரம் முழுக்க மூழ்கினாலும் மறுபடி தளிர்க்கும். அதற்குக் காரணமான சப்-1ஏ மரபணு 2006-ல் அடையாளம் காணப்பட்டது. நெல் ஆய்வாளர்களான டேவிட் மக்கில், பமீலா ரொனால்டு ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து செய்த வேலை அது. வேடிக்கை என்னவென்றால் ஸ்நார்க்கெலும் சப்-1ஏயும் ஒரே மரபணுக் குடும்பம், இரண்டையும் எழுப்புவதும் அதே எத்திலீன்தான். ஒன்று ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தூண்டி ‘நீள்’ என்கிறது, மற்றொன்று அதே ஜிப்ரலினை அடக்கி ‘சும்மா இரு’ என்கிறது. நெல்லில் மட்டுமல்ல, நெதர்லாந்தில் ரைன் ஆற்று வெள்ளச் சமவெளியில் வளரும் சுக்கான்கீரையின் உறவுச் செடிகளிலும் இதே இரண்டு கட்சி உண்டு. நீண்ட நாள் தண்ணீர் நிற்கும் தாழ்வான இடத்தில் நீளும் இனம், எப்போதாவது வெள்ளம் ஏறும் மேட்டில் காத்திருக்கும் இனம்.

அப்போ சப்-1 நெல்லு போட்டா வெள்ளக் கவலையே விட்டுதா?

விடவில்லை. ஸ்வர்ணா என்ற நெல் ரகத்தில் சப்-1ஏ மரபணுவைச் சேர்த்த ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் 2009-ல் வந்தது. டெல்டாவில் பொன்மணி என்று அழைக்கும் சி.ஆர்.1009-லும் இந்த மரபணுவைச் சேர்த்து சி.ஆர்.1009 சப்-1 வந்திருக்கிறது. நாற்றுப் பருவம் தாண்டி, தூர் கட்டும் பருவத்தில், பயிர் முழுக்க மூழ்கி, இரண்டு வாரத்துக்குள் வடிந்தால் நல்ல பலன் தரும். அந்த நிபந்தனைகளில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறும்.

அரை ஆள் ஆழத்துக்கு வாரக்கணக்கில் தண்ணீர் அப்படியே நின்றால், சப்-1 நெல் நீளாமல் அமுங்கிக்கிடந்து நஷ்டப்படும். அங்கே கொஞ்சம் நீளும் ரகம்தான் நல்லது. பூக்கும் நேரத்தில் மூழ்கினால் எந்த ரகமும் தாங்காது. விதைத்தவுடன் மூழ்குவது வேறு கதை, அடுத்த பதிலைப் பாருங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் நாள் கணக்கு இன்னும் குறையும். தெளிந்த நீரில் இலை மூழ்கியபடியே கொஞ்சம் ஒளிச்சேர்க்கை செய்யும், சேற்று நீரில் அதுவும் இல்லை. ‘எந்த ரகம் போடலாம்?’ என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, ‘உங்கள் வயலில் எவ்வளவு ஆழம் நிற்கும், எத்தனை நாள் நிற்கும்?’ என்றுதான். அந்தப் பதில் வாய்க்கால் தூர்வாரியிருப்பதைப் பொறுத்தது, விதையைப் பொறுத்தது அல்ல.

நேரடி விதைப்பு போட்ட மறுநாளே மழை கொட்டி வயல் முழுகிடுச்சு. முளை மேல வருது, வேரே காணோமே?

நெல் விதை ஆக்சிஜன் இல்லாமலேயே முளைக்கக்கூடிய அபூர்வமான விதை. ஆனால் அரைகுறையாகத்தான். வெள்ளையாக ஒரு முளையுறை மட்டும் மேலே நீளும். காற்றைத் தொட்டுக் குழல் மாதிரி ஆக்சிஜனைக் கீழே கொண்டுவந்தால்தான் வேரும் இலையும் கிளம்பும். அதற்குள் விதையின் மாவுச்சத்து தீர்ந்துவிட்டால் அழுகிவிடும். முடிந்தவரை சீக்கிரம் வடிக்கப் பாருங்கள். எரிச்சலான விஷயம் என்னவென்றால், குதிரைவாலியின் உறவான வயல் களைப்புல்லுக்கும் இதே திறமை உண்டு. நெல் போகும், அது நிற்கும்.

முழுகின நெல் இலை தண்ணிக்குள்ள வெள்ளி மாதிரி மின்னுதே, அது என்ன?

நல்ல கண்ணு உங்களுக்கு. நெல் இலையின் மேல்பரப்பில் நுண்ணிய மெழுகுப் படிகங்கள் இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. மூழ்கும்போது இலையோடு சேர்த்து ஒரு மெல்லிய காற்றுப் படலமும் உள்ளே போய்விடுகிறது. மின்னுவது அதுதான். அந்தப் படலம் இருக்கும்வரை பகலில் கார்பன் டை ஆக்சைடும் இரவில் ஆக்சிஜனும் தண்ணீரிலிருந்து இலைக்குள் சுலபமாகப் போகும். சில நாளில் படலம் கரைந்து இலை சாதாரணமாக நனைந்துவிடும். விரலால் தேய்த்துவிட்டு மூழ்கடித்தால் தேய்த்த இடம் மட்டும் மின்னாது, பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஆத்தங்கரை மருத மரம் எத்தனை வெள்ளம் வந்தாலும் நிக்குது, பக்கத்துக் கொல்லை வாழை ஒரே வெள்ளத்துல போயிடுதே?

ஆற்று வெள்ளத்தில் மூச்சுத் திணறலோடு இன்னும் இரண்டு அடி சேர்கிறது: ஓட்டத்தின் இழுப்பு, வண்டல் மூடுவது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பெய்தபோது தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் பார்த்தது மூன்றும் சேர்ந்த அடி. வாழைக்கு எதற்கும் பதில் இல்லை. மரம் மாதிரித் தெரியும் அது உண்மையில் இலை மட்டைகளின் சுருள், வேரும் ஆழமில்லை. சாயாமல் தப்பினால்கூட, சில நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகிவிடும். பப்பாளி அதைவிட மோசம், இரண்டு மூன்று நாள் தாங்கினால் அதிகம்.

நீர்மருதின் வேர் கரை மண்ணுக்குள் பரந்து விரிந்து, கல் இடுக்குகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேர்ப்பகுதி தண்ணீரில் நிற்பதும் அதற்குப் பழக்கம். ஆனால் ஒரு விஷயம்: வெள்ளத்தின்போது ஆற்றுத் தண்ணீர் ஓடுகிறது, கலங்கி அலைகிறது, ஆக்சிஜன் கலந்துகொண்டே இருக்கிறது. ஒரே ஆழம், ஒரே நாள்கணக்கு என்றாலும் ஓடும் தண்ணீரைவிடத் தேங்கிய தண்ணீர் கொடியது. அதே மருதை வடிகால் இல்லாத குட்டையில் வைத்தால் இதே தெம்பை எதிர்பார்க்காதீர்கள்.

நாணல் வளைஞ்சு கொடுக்கறதாலதான் பிழைக்குதுன்னு சொல்றாங்களே, அவ்வளவுதானா?

வளைவது பாதிக் கதை. மீதி மண்ணுக்குள் இருக்கிறது. நாணலின் கிழங்குத்தண்டு மணலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கிடக்கும். மேலே இருக்கும் தட்டை முழுக்க ஒடிந்து போனாலும், ஒரு முழம் மணல் மூடினாலும், கணுக்களிலிருந்து மறுபடி கிளம்பும். கிழங்குத்தண்டின் ஒரு துண்டு பிய்ந்து ஆற்றோடு போனால் ஒதுங்கிய மணல்திட்டில் அதுவே புதர். வெள்ளம் நாணலுக்குக் கஷ்டம் என்பதைவிட, குடியேறுவதற்கு வண்டி என்றுகூடச் சொல்லலாம்.

ஆகாயத்தாமரைக்கு மட்டும் ஒண்ணுமே ஆகலையே?

மிதக்கிற செடி எங்கே மூழ்கும்! காம்பில் இருக்கும் உப்பிய காற்றுப்பை அதற்குத்தான். அது குளத்தை மூடினால் அடியில் ஆக்சிஜனும் வெளிச்சமும் இல்லாமல் சாவது மற்ற செடிகளும் மீன்களும்தான்.

வேடந்தாங்கல் ஏரிக்குள்ள மரங்க மாசக்கணக்கா தண்ணியில நிக்குதே. அப்போ எந்த ஏரிக்குள்ளயும் மரம் நடலாம்தானே?

வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டும் நீர்க்கடம்பும் கருவேலமும் வளர்ந்த மரங்கள். கிளையும் இலையும் தண்ணீருக்கு மேலே இருக்கின்றன, பட்டைத்துளைகள் காற்று வாங்குகின்றன, கோடையில் ஏரி வற்றும்போது வேர் முழுக்க மூச்சு விடுகிறது. அந்த வற்றும் காலம் ரொம்ப முக்கியம். நீரில் நிற்கும் மரத்தின் கன்று, நீரில் பிறப்பதில்லை. விதை முளைத்து வேர் பிடிக்க ஈரமான, ஆனால் தண்ணீர் நிற்காத மண் சில மாதம் வேண்டும். அடுத்த மழைக்குள் கன்றின் தலை நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட வேண்டும்.

அதனால் ஏரி உள்வாயில் நடுவதென்றால் தண்ணீர் பின்வாங்கும் தை, மாசியில், ஓரளவு உயரமான கன்றுகளாக நடுங்கள். வருடம் முழுக்க வற்றாமல் தேங்கும் ஏரியாக மாற்றிவிட்டால் இப்போதுள்ள மரங்கள் கொஞ்ச காலம் நிற்கும், அடுத்த தலைமுறை வராது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: எல்லா ஏரிக்குள்ளும் மரம் வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை. கோரையும் அல்லியும் நிற்கும் திறந்த நீர்ப்பரப்பும் ஏரிதான்.

கரையில எந்தக் கன்னு வைக்கலாம்? ஒரு லிஸ்ட் குடுங்களேன்.

தண்ணீர் தொடும் இடத்தில் நீர்மருது, நாவல், நீர்க்கடம்பு. எப்போதாவது நனையும் இடத்தில் புங்கம். கரையின் மேட்டில் பனை. வேம்பும் முருங்கையும் தண்ணீர் தேங்காத மேட்டுக்கு மட்டும். வேம்பு எங்கும் வரும் என்று நினைத்துப் பள்ளத்தில் வைத்துவிடுகிறார்கள், வறட்சி தாங்கும் மரம் வெள்ளமும் தாங்கும் என்று யார் சொன்னது? சப்-1 கேள்வியில் சொன்ன ஆழம், நாள் இரண்டையும் கரைக்காரர்களிடம் விசாரித்துவிட்டு நடுங்கள்.

பிச்சாவரம் சுரபுன்னைக் காடு தினமும் முழுகி எழுது. அதுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், கூடவே உப்பும் இருக்கிறது. அங்கே வளரும் வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றில் பென்சில் நட்டு வைத்ததுபோல் நிற்பவை மூச்சுவேர்கள். தண்ணீர் வடியும்போது அவற்றின் துளைகள் வழியே காற்று உள்ளே போகும். சுரபுன்னையின் முட்டுக்கொடுத்த வேர்களும் இதே வேலையைச் செய்கின்றன. இரண்டுமே ‘தண்ணீர் ஏறும், ஆனால் சில மணியில் இறங்கும்’ என்ற நம்பிக்கையில் வாழ்பவை.

இறங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிச்சாவரமே சாட்சி. ஆங்கிலேயர் காலத்தில் மொத்தமாக வெட்டிய பகுதிகளில் மண் அமுங்கிப் பள்ளமாகி, ஏறிய கடல்நீர் திரும்ப வடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு கூடியது. அங்கே எதுவும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து அந்தப் பள்ளங்களுக்குக் கிளைக் கால்வாய் வெட்டி, ஏற்ற இறக்கம் தடையில்லாமல் போய்வர வழி செய்த பிறகுதான் காடு திரும்பியது.

வெள்ளத்துல பச்சையா இருந்த பயிர், தண்ணி வடிஞ்ச ரெண்டு நாள்ல கருகுதே. வடிஞ்சது நல்லதுதானே?

வடியும் நேரம் செடிக்கு இரண்டாவது கண்டம். குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகிய திசுவில் திடீரென்று நிறைய ஆக்சிஜனும் வெயிலும் படும்போது, செல்லைச் சிதைக்கும் தீவிர ஆக்சிஜன் வகைகள் உண்டாகின்றன. வேர் இன்னும் சரியாக வேலை செய்யாததால் இலை தண்ணீர் கிடைக்காமல் காயும். இலைமேல் படிந்த சேறு வெளிச்சத்தை மறைக்கும். மண்ணில் இருந்த நைட்ரேட்டும் வாயுவாகப் போயிருக்கும், மஞ்சளடிப்பதற்கு அதுவும் காரணம்.

அதனால் வடிந்த அன்றே மூட்டை மூட்டையாக யூரியா போடாதீர்கள். சேறு படிந்திருந்தால் தெளிந்த தண்ணீரால் இலையைக் கழுவிவிடுவது உதவும். புது இலையும் வெள்ளை வேரும் தெரிந்த பிறகு உரம் கொடுங்கள், அளவை உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செத்துவிட்டதா என்று அவசரப்பட்டு உழுதுவிடவும் வேண்டாம். அடித்தண்டைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே கெட்டியாக வெளிர்பச்சையாக இருந்தால் ஒரு வாரம் பொறுக்கலாம். கொழகொழவென்று நாற்றம் அடித்தால் போய்விட்டது.

கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில நிக்க விட்டுப் பழக்கினா செடி வெள்ளத்தைத் தாங்குமா?

ஓரளவு. மக்காச்சோள நாற்றுகளை முதலில் குறைந்த ஆக்சிஜனில் வைத்துவிட்டு, பிறகு முழுக்க ஆக்சிஜன் இல்லாத நிலைக்கு மாற்றினால், நேராக மாற்றியவற்றைவிட அதிக நேரம் பிழைக்கின்றன. நொதித்தலுக்கான நொதிகளை முன்கூட்டியே தயார்செய்ய அவகாசம் கிடைக்கிறது. ஆக்சிஜன் குறைவதைச் செடி எப்படி அறிகிறது என்பதும் 2011-ல் தெளிவானது. சில குறிப்பிட்ட புரதங்கள் ஆக்சிஜன் இருக்கும்வரை உருவாக உருவாக அழிக்கப்படுகின்றன, ஆக்சிஜன் குறைந்தவுடன் அழியாமல் சேர்ந்து, வெள்ளத்துக்கான மரபணுக்களை முடுக்குகின்றன. ஆனால் வேம்பைப் பழக்கி மருதாக்க முடியாது. வெப்பமும் கணக்கில் வரும். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறைவாகக் கரையும், செடியின் தேவையோ கூடும். கோடை மழையில் தேங்கும் தண்ணீர் மார்கழித் தண்ணீரைவிடச் சீக்கிரம் கொல்லும்.

அணை கட்டி வெள்ளத்தையே நிறுத்திட்டா ஆத்தங்கரைச் செடிகளுக்கு நிம்மதிதானே?

அவற்றின் போட்டியாளர்களுக்குத்தான் நிம்மதி. இதுவரை சொன்ன காற்றறை, புது வேர், கிழங்குத்தண்டு எல்லாம் செலவு பிடிக்கும் ஏற்பாடுகள். வெள்ளம் வந்தால்தான் அந்தச் செலவுக்குப் பலன். வராத இடத்தில் அதே சர்க்கரையை வேகமாக வளர்வதில் போடும் மேட்டுநிலச் செடிகள் வந்து முந்திக்கொள்ளும். தண்ணீர் வராத ஆற்றுப் படுகைகளில் சீமைக்கருவேலம் அடைத்துக்கிடப்பதை நம் மாவட்டங்களில் எங்கும் பார்க்கலாம்.

வெள்ளம் கரையில் புது வண்டலைப் போட்டு, பழைய புதரைத் துடைத்து, வெறும் ஈரமண்ணைத் திறந்துவிடும். மருதின் இறக்கை வைத்த காயும் நாணலின் பஞ்சு விதையும் முளைப்பது அந்த மண்ணில்தான். அதனால் ஒரு கரையில் மருத மரங்கள் நிறைய இருக்கின்றன என்று சந்தோஷப்படும் முன், கீழே குனிந்து முழங்கால் உயரக் கன்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிழ மரங்கள் மட்டும் நின்றால், அந்த ஆற்றில் பல வருடமாகச் சரியான வெள்ளம் வரவில்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மணல் அள்ளியிருந்தாலும் ஆடு மேய்ந்திருந்தாலும் இப்படியே தெரியும் என்பதால் அதையும் ஊர்க்காரர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.